பணம் கைமாறிய பிறகு: வாசகர் கேள்வி பதில்

வங்கி, முதலீடு, இணைய மோசடி பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். எழுதியவர்களின் பெயரையும் அவர்கள் குறிப்பிட்ட வங்கிகளின் பெயரையும் எடுத்துவிட்டோம்.

என் அம்மாவுக்கு 67 வயது. கூரியர் நிறுவனத்திலிருந்து என்று ஓர் அழைப்பு வந்தது. அவருடைய அடையாள அட்டை எண்ணில் போன பொட்டலத்தில் போதைப்பொருள் இருந்ததாம். அழைப்பை அப்படியே "போலீஸ் சார்ஜனுக்கு" மாற்றியிருக்கிறார்கள். வீட்டில் யாரிடமும் சொல்லக்கூடாது என்று மிரட்டி, இரண்டு தடவையாக 18,000 வெள்ளியை அனுப்ப வைத்துவிட்டார்கள். மறுநாள்தான் எங்களுக்குத் தெரிந்தது. பணம் திரும்பக் கிடைக்குமா?
– வாசகி, செந்தூல்

இதைப் படிக்கும்போது இன்னும் அழைக்கவில்லை என்றால், முதலில் 997-ஐ அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் எண் அது. காவல்துறை, மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, தொடர்பு பல்லூடக ஆணையம், வங்கிகள் எல்லாம் அதில் சேர்ந்து வேலை செய்கின்றன. லைன் கிடைக்காவிட்டால் காத்திருக்க வேண்டாம். அம்மாவின் ஏடிஎம் அட்டையின் பின்புறம் இருக்கும் எண்ணில் வங்கியின் மோசடிப் பிரிவைப் பிடியுங்கள். அந்தப் பிரிவு 24 மணி நேரமும் இயங்க வேண்டும் என்பது பேங்க் நெகாராவின் கட்டளை.

அழைக்கும் முன் ஒரு தாளில் இவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: அம்மாவின் கணக்கு எண், பணம் போன கணக்கின் எண்ணும் வங்கியும் பெயரும், ஒவ்வொரு தடவையும் அனுப்பிய தொகை, நாள், நேரம், ரசீதில் உள்ள குறிப்பு எண். இரண்டு தடவை அனுப்பியிருப்பதால் இரண்டுக்கும் தனித்தனியாக வேண்டும். பலர் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை மறந்துவிடுகிறார்கள். அது வேறு கணக்குக்குப் போயிருந்தால் அந்தப் பாதையை யாரும் தேடமாட்டார்கள்.

ஏன் இவ்வளவு அவசரம்? அம்மா அனுப்பிய பணம் ஒரே கணக்கில் உட்கார்ந்திருக்காது. சில நிமிடங்களில் மூன்று நான்காகப் பிரிந்து வேறு வங்கிகளுக்குப் போகும். அங்கிருந்து இன்னும் பிரிந்து, கடைசியில் ஏடிஎம்மில் ரொக்கமாகவோ கிரிப்டோவாகவோ மாறிவிடும். வங்கி முடக்கக்கூடியது, அந்த நேரத்தில் கணக்கில் மிஞ்சியிருக்கும் தொகையை மட்டும்தான். முன்பு ஒரு வங்கி அடுத்த வங்கியைக் கேட்டு, அது அதற்கடுத்ததைக் கேட்டு என்று கையால் நடந்த தேடல், 2024-ல் தேசிய மோசடித் தகவல் தளம் வந்த பிறகு தானாகவே நடக்கிறது. ஆனாலும் யாராவது புகார் கொடுத்தால்தான் அந்தத் தேடல் தொடங்கும்.

அடுத்தது போலீஸ் புகார். செந்தூலில்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை, எந்த நிலையத்திலும் கொடுக்கலாம். புகாரின் நகலையும் விசாரணை அதிகாரியின் பெயரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் கைப்பேசியில் உள்ள அழைப்புப் பட்டியல், வாட்ஸ்அப் உரையாடல், அவர்கள் அனுப்பிய போலி "கைது ஆணை" எதையும் அழிக்க வேண்டாம். அவமானத்தில் அம்மாவே அழித்துவிட வாய்ப்பு உண்டு. அதனால் அவரை ஏசாமல் முதலில் அந்தக் கைப்பேசியை வாங்கிப் படம் எடுத்து வையுங்கள்.

பணம் திரும்புமா என்பதற்கு நேராகவே சொல்லிவிடுகிறோம். ஒரு நாள் கடந்துவிட்டதால் முழுத்தொகை கிடைப்பது கடினம். ஒரு பகுதி முடக்கப்பட்டாலும் விசாரணை முடியும்வரை அது கைக்கு வராது. வங்கி ஈடு கட்டுமா என்பது வேறு கேள்வி. கணக்குக்காரருக்குத் தெரியாமல் பணம் போனதையும், ஏமாற்றப்பட்டாலும் அவர் கையாலேயே அனுப்பியதையும் வங்கிகள் ஒரே தட்டில் வைப்பதில்லை. உங்கள் அம்மாவுடையது இரண்டாவது வகை. அதற்காகச் சும்மா இருக்க வேண்டாம். 67 வயதுக்காரரின் கணக்கிலிருந்து, அதற்கு முன் ஒருமுறைகூட பணம் போகாத கணக்குக்கு அடுத்தடுத்து பெருந்தொகை போனபோது வங்கி ஏன் நிறுத்திக் கேட்கவில்லை என்று எழுத்தில் புகார் கொடுங்கள். வங்கியின் முடிவு திருப்தி இல்லை என்றால், அது வந்த ஆறு மாதத்துக்குள் நிதிச் சந்தை குறைதீர்ப்பாளர் சேவைக்குப் போகலாம். வங்கி, காப்புறுதித் தகராறுகளைத் தீர்த்த பழைய ஓஎஃப்எஸ் அமைப்பும் பங்கு முதலீட்டுத் தகராறுகளைத் தீர்த்த சிட்ரெக்கும் 2025 ஜனவரி 1-இல் இணைந்து உருவானது அது. கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.

இன்னொன்று. சில வாரங்களில் யாராவது அழைத்து, "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்" என்பார்கள். ஏமாந்தவர்களின் பட்டியலை இந்தக் கும்பல்கள் ஒன்றுக்கொன்று விற்றுக்கொள்கின்றன. அம்மாவிடம் இதை இப்போதே சொல்லி வையுங்கள்.

தெரிந்தவர் எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஒரு கோப்பு வந்தது. திறந்தேன், ஏதோ கேட்டது, சரி என்று அழுத்திவிட்டேன். பத்திரிகை வரவில்லை. கோப்பின் பெயர் கடைசியில் "ஏபிகே" என்று இருந்தது. பிறகு அந்த ஆப்பை அழித்துவிட்டேன். இனி பயமில்லைதானே?
– வாசகர், பட்டர்வொர்த்

பயம் இருக்கிறது. ஏபிகே என்பது படமோ ஆவணமோ அல்ல, ஆண்ட்ராய்டு கைப்பேசியில் நிறுவப்படும் ஒரு செயலி. (ஐஃபோனில் அது ஓடாது.) நீங்கள் "சரி" என்று அழுத்தியதில் பெரும்பாலும் இரண்டு அனுமதிகள் போயிருக்கும். ஒன்று, குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதி. பணம் அனுப்ப ஒப்புதல் தரும் உங்கள் டேக் எண் எஸ்எம்எஸ்ஸில் வந்தால் அது நேராக அவர்களுக்குப் போகும். சில செயலிகள் அந்தச் செய்தியை உங்கள் கண்ணுக்கே காட்டாது. மற்றொன்று, மாற்றுத்திறனாளிகளுக்காக வைத்திருக்கும் "அக்சஸிபிலிட்டி" அனுமதி. அது கிடைத்தால் திரையில் இருப்பதைப் படிக்கவும், உங்கள் விரலுக்குப் பதிலாகப் பொத்தானை அழுத்தவும் முடியும். வங்கிகள் எஸ்எம்எஸ் டேக்கை விட்டுவிட்டுத் தங்கள் செயலிக்குள்ளேயே ஒப்புதல் கேட்கும் முறைக்கு மாறியதால் முதல் வழி பெருமளவு அடைபட்டது. இரண்டாவது வழி இன்னும் ஆபத்தானதுதான்.

அழித்துவிட்டேன் என்கிறீர்கள். திரையில் தெரிந்த சின்னத்தை அழித்திருப்பீர்கள். பல செயலிகள் நிறுவியதும் தங்கள் சின்னத்தை மறைத்துக்கொள்ளும், அல்லது இன்னொரு செயலியை உள்ளே இறக்கிவிட்டிருக்கும்.

செய்ய வேண்டிய வரிசை முக்கியம். முதலில் வைஃபை, டேட்டா இரண்டையும் அணைத்து ஏரோபிளேன் மோடில் போடுங்கள். பிறகு *வேறொருவரின்* கைப்பேசியிலிருந்து வங்கியை அழைத்து இணைய வங்கிச் சேவையை முடக்கச் சொல்லுங்கள். வங்கிச் செயலியிலும் இணையத்தளத்திலும் இதற்காகவே "கில் சுவிட்ச்" என்ற பொத்தான் இருக்கிறது. ஆனால் பாதிக்கப்பட்ட கைப்பேசியில் வங்கிக்குள் நுழைந்து அதைத் தேடாதீர்கள், கடவுச்சொல்லையும் சேர்த்துக் கொடுத்ததாகிவிடும். கணக்கு இருக்கும் எல்லா வங்கிகளையும், மின்பணப்பையையும் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகுதான் கைப்பேசி. படங்களையும் தொடர்பு எண்களையும் மட்டும் கணினிக்கு எடுத்துக்கொண்டு, "ஃபேக்டரி ரீசெட்" செய்யுங்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: ரீசெட் முடிந்ததும் பழைய காப்புப் பிரதியை (பேக்கப்) முழுதாக மீட்டு, அதே செயலியைத் திரும்பக் கொண்டுவந்துவிடுகிறார்கள். செயலிகளை ஒவ்வொன்றாக பிளே ஸ்டோரிலிருந்தே புதிதாக இறக்குங்கள். வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை ரீசெட்டுக்குப் பிறகு, அல்லது சுத்தமான வேறு கருவியில் மாற்றுங்கள்.

வாட்ஸ்அப்பில் "லிங்க்ட் டிவைசஸ்" பகுதியைப் பார்த்து, தெரியாத கருவி இருந்தால் வெளியேற்றுங்கள். இரட்டைச் சரிபார்ப்புக்கான ஆறு இலக்க எண்ணை வையுங்கள். உங்களுக்கு அனுப்பியவரின் கணக்கும் இப்படித்தான் போயிருக்கும். அவருக்கே தெரியாமல் இருக்கலாம். அவரை வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்காமல் தொலைபேசியில் அழைத்துச் சொல்லுங்கள்.

புதிய கருவியில் உங்கள் வங்கிக் கணக்கு பதிவானதாக அறிவிப்பு வந்தால், அதை நீங்கள் செய்யவில்லை என்றால், உங்களுக்குச் சற்று அவகாசம் இருக்கிறது. புதிய கருவிக்கு வங்கிகள் ஒரு காத்திருப்பு நேரம் வைத்திருக்கின்றன; பல வங்கிகளில் அது 12 மணி நேரம். அந்த அறிவிப்பைப் படிக்காமல் தள்ளிவிடுவதுதான் நம் பழக்கம்.

கல்லூரியில் படிக்கும் என் மகனிடம் நண்பன் ஒருவன், ஏடிஎம் அட்டையையும் பின் எண்ணையும் கொடுத்தால் மாதம் 400 வெள்ளி தருவதாகச் சொல்லியிருக்கிறான். "இணைய வியாபாரத்துக்கு" என்கிறான். கொடுக்கலாமா?
– வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்

கூடாது. முதல் கேள்வியில் செந்தூல் அம்மாவின் பணம் போன கணக்கு, பெரும்பாலும் இப்படிச் சில நூறு வெள்ளிக்கு வாடகைக்கு விடப்பட்ட கணக்காகத்தான் இருக்கும். மலாயில் "அக்காவுன் கெல்டாய்", கழுதைக் கணக்கு என்கிறார்கள். பொதி யாருடையது என்று கழுதைக்குத் தெரியாது, ஆனால் பிடிபடுவது அதுதான்.

2024-ல் தண்டனைச் சட்டத்தில் 424ஏ முதல் 424டி வரையிலான பிரிவுகள் இதற்காகவே சேர்க்கப்பட்டன. கணக்கை, அட்டையை, கடவுச்சொல்லை இன்னொருவர் கையில் கொடுப்பதே குற்றம். "எனக்குத் தெரியாது, நண்பன் கேட்டான்" என்பது பழைய நாளைப் போல எளிதில் எடுபடாது. சட்டத்தைவிடச் சீக்கிரம் வலிப்பது வேறு: அந்தக் கணக்கு எண், மோசடிக் கணக்குகளைத் தேடிப் பார்க்கக் காவல்துறை வைத்திருக்கும் "செமாக் மியூல்" பட்டியலில் ஏறும். வேறு வங்கியில் கணக்குத் திறப்பதும் சிக்கலாகும். படிப்பை முடித்து முதல் சம்பளம் வரும்போது அது எந்தக் கணக்கில் விழும்?

ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால், அட்டையைத் திரும்பக் கேட்டுக் காத்திருக்க வேண்டாம். வங்கிக்கு நேரில் போய்க் கணக்கை முடக்கி, அன்றே போலீஸ் புகார் செய்யுங்கள். யாரோ புகார் கொடுத்த பிறகு போவதற்கும் தானாக முன்பே போவதற்கும் வேறுபாடு நிறைய.

வாட்ஸ்அப் குழு ஒன்றில் "பங்குச் சந்தைப் பேராசிரியர்" சொல்லும் பங்குகளை அவர்களுடைய செயலியில் வாங்கி வருகிறேன். 12,000 வெள்ளி போட்டேன், இப்போது 41,000 காட்டுகிறது. எடுக்கப் போனால் முதலில் 15 விழுக்காடு லாப வரி கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா? நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். குழுவில் என்னைப் போல் நிறைய பேர் லாபம் எடுத்த படத்தைப் போடுகிறார்கள்.
– வாசகர், பினாங்கு

கட்டாதீர்கள். 41,000 என்பது திரையில் தெரியும் எண் மட்டும். உண்மையில் அங்கே பங்கே வாங்கப்படவில்லை.

எப்படித் தெரியும் என்பதற்கு, வரியிலிருந்தே தொடங்கலாம். மலேசியப் பங்குச் சந்தையான புர்சா மலேசியாவில் பட்டியலிட்ட பங்கை ஒரு தனிமனிதர் விற்றுப் பெறும் லாபத்துக்கு மலேசியாவில் மூலதன லாப வரி கிடையாது. வரி என்று எது இருந்தாலும் அதைக் கட்டுவது வருமான வரி வாரியத்திடம், யாரோ ஒருவருடைய சொந்தக் கணக்கில் அல்ல. உண்மையான தரகர் தனக்கு வர வேண்டிய கட்டணத்தை விற்ற தொகையிலேயே கழித்துக்கொண்டு மீதியை அனுப்புவார். வெளியிலிருந்து புதுப்பணம் கொண்டுவரச் சொல்லமாட்டார்.

அடுத்து, பங்கு எங்கே இருக்கிறது? புர்சாவில் வாங்கும் பங்கு, உங்கள் பெயரிலோ, உங்களுக்காகத் தரகர் வைத்திருக்கும் நாமினி பெயரிலோ உள்ள சிடிஎஸ் எனப்படும் மின்னணுப் பங்குக் கணக்கில் ஏறும். வாங்கிய நாளிலிருந்து இரண்டாவது வேலை நாளில் பணமும் பங்கும் கைமாறிக் கணக்கு முடியும். ஒவ்வொரு வாங்கலுக்கும் ஒப்பந்தச் சீட்டு வரும். அதில் தரகுக் கட்டணம், தீர்வுக் கட்டணம், ஆயிரத்துக்கு 1 வெள்ளி வீதம் முத்திரை வரி என்று தனித்தனியாகக் காட்டியிருக்கும். உங்களிடம் அப்படி ஒரு சீட்டாவது இருக்கிறதா?

விலையையும் பாருங்கள். 1 வெள்ளியும் அதற்கு மேலும் விற்கும் பங்கு புர்சாவில் ஒரே நாளில் 30 விழுக்காட்டுக்கு மேல் ஏறவோ இறங்கவோ முடியாது. புதிதாகப் பட்டியலிடும் முதல் நாளுக்கு மட்டும் வேறு வரம்பு. "நேற்று ஒரே நாளில் 70 விழுக்காடு" என்று செயலி காட்டியிருந்தால், அதே பங்கின் அன்றைய விலையைப் புர்சாவின் தளத்தில் போய்ப் பாருங்கள்.

பங்கு முதலீட்டு ஆலோசனை தருபவருக்கும் தரகருக்கும், மூலதனச் சந்தையைக் கண்காணிக்கும் செக்யூரிட்டீஸ் கமிஷனின் உரிமம் வேண்டும். கமிஷனின் தளத்தில் உரிமம் பெற்றவர்களின் பதிவேடு தனியாகவும், முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியல் தனியாகவும் இருக்கின்றன. இரண்டையும் பாருங்கள். எச்சரிக்கைப் பட்டியலில் இல்லை என்பதால் நல்ல நிறுவனம் என்று அர்த்தமாகாது, புதிய பெயர் ஏறுவதற்குள் கும்பல் வேறு பெயருக்கு மாறியிருக்கும். பெயரும் உரிம எண்ணும் சரியாக இருந்தாலும், பணம் போகும் கணக்கு அந்த நிறுவனத்தின் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். உண்மை நிறுவனத்தின் சின்னத்தைத் திருடிப் போடுவது இப்போது வாடிக்கை.

குழுவில் லாபப் படம் போடுபவர்களில் எத்தனை பேரை நேரில் பார்த்திருக்கிறீர்கள்? இந்த மாதிரிக் குழுக்களில் பெரும்பாலான எண்கள் ஒரே கும்பலுடையவை. பினாங்குக்கு இது புதிதும் அல்ல. அங்கிருந்தே நடந்த ஜேஜேபிடிஆர் அந்நியச் செலாவணித் திட்டம் மாதம் 20 விழுக்காடு என்று சொல்லிவந்து, 2017-ல் "கணக்கை ஹேக் செய்துவிட்டார்கள்" என்ற அறிவிப்போடு சரிந்தது. மாதம் 20 விழுக்காடு கூட்டு வளர்ச்சி என்றால் 10,000 வெள்ளி ஓராண்டில் 89,000-ஐத் தாண்டும். ஊழியர் சேமநிதி 2024-க்கு அறிவித்த லாப ஈவு 6.3 விழுக்காடு. அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தாலே போதும்.

12,000 வெள்ளியை எப்போது போட்டிருந்தாலும் 997-க்கும் போலீஸுக்கும் சொல்லுங்கள். குழுவைவிட்டு வெளியேறும் முன் எல்லா உரையாடலையும் கணக்கு எண்களையும் படம் எடுத்துவிடுங்கள். வெளியேறிய பிறகு அவர்கள் உங்களுக்கு எதையும் விட்டுவைக்கமாட்டார்கள்.

வாட்ஸ்அப்பில் கூட்டுப் பணம் (மாதாமாதம் எல்லோரும் போட்டு, முறை வைத்து ஒருவர் எடுக்கும் சீட்டு) கட்டுவது சட்டப்படி சரியா?
– வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

இந்த நாட்டுச் சட்டப் புத்தகத்தில் நம் தமிழ்ச் சொல் ஒன்று இருக்கிறது. 1971-ஆம் ஆண்டுக் கூட்டு நிதித் தடைச் சட்டத்தில் வரும் "கூட்டு" அதுதான். மலாயில் "கூத்து" ஆகிவிட்டது. கூட்டு நடத்துவதை ஒரு தொழிலாகச் செய்வதை அந்தச் சட்டம் தடுக்கிறது. முகம் தெரியாத நிர்வாகி, ஒருவரை ஒருவர் அறியாத ஆட்கள், "முதலில் எடுக்க" கூடுதல் கட்டணம் என்று இருந்தால் அது கூட்டு அல்ல, பொறி. நிர்வாகி பணத்தோடு காணாமல் போனால் கையில் ரசீதுகூட இருக்காது.

ஓய்வு பெற்றுச் சேமநிதியிலிருந்து 600,000 வெள்ளி எடுக்கப்போகிறேன். ஒரே வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டால் பாதுகாப்பா?
– வாசகர், செராஸ்

வங்கி மூடப்பட்டால் மலேசிய வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம், பிஐடிஎம், ஒரு வங்கியில் ஒருவருக்கு 250,000 வெள்ளி வரை தரும். அந்த வரம்பில் முதலும் வட்டியும் சேர்த்திதான். அதனால் சரியாக 250,000 போடாமல், வட்டிக்கு இடம் விட்டு 240,000 அளவில் நிறுத்துவது நல்லது. நீங்கள் விண்ணப்பிக்கவோ கட்டணம் கட்டவோ வேண்டாம்.

உங்கள் தொகையை மூன்று வங்கிகளில் பிரிக்கலாம். ஒரே வங்கியில் வைப்பதானாலும் வழி இருக்கிறது: வழக்கமான வைப்பும் இஸ்லாமிய வைப்பும் தனித்தனியாகக் கணக்கிடப்படும், மனைவியோடு சேர்ந்து வைக்கும் கூட்டுக் கணக்குக்கும் தனி வரம்பு. வங்கிக் கிளையில் விற்கிறார்கள் என்பதால் எல்லாமே வைப்புத்தொகை என்று எண்ணிவிட வேண்டாம். யூனிட் டிரஸ்ட், தங்க முதலீட்டுக் கணக்கு, இஸ்லாமிய வங்கிகளின் "அக்காவுன் பெலாபுரான்" எனப்படும் முதலீட்டுக் கணக்கு எதற்கும் இந்தக் காப்பு இல்லை. கூட்டுறவுச் சங்கத்தில் போடும் பணத்துக்கும் இல்லை. படிவத்தில் பிஐடிஎம் பாதுகாப்பு உண்டு என்று எழுதியிருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன் கேளுங்கள்.

அதைவிட, ஏன் எடுக்கிறீர்கள்? 100 வயது வரை சேமநிதியிலேயே விட்டுவைத்து லாப ஈவு பெறலாம். தேவைப்படும்போது தேவைப்பட்டதை மட்டும் எடுங்கள். பெருந்தொகை கைக்கு வந்த செய்தி உறவுக்குள் பரவினால் வரும் அழைப்புகளுக்கு எந்தக் காப்புறுதியும் இல்லை.

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் துணிக்கடை வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர் கியூஆரில் கட்டியதாகத் திரையைக் காட்டிவிட்டுப் போகிறார், பணம் வந்திருப்பதில்லை. என்ன செய்வது?
– வாசகர், பினாங்கு

அவருடைய திரையைப் பார்ப்பதை நிறுத்துங்கள். போலி ரசீதுத் திரையைத் தயாரிக்க ஒரு நிமிடம் போதும். உங்கள் கைப்பேசியில் அறிவிப்பு வந்த பிறகுதான் துணி பையில் போக வேண்டும். கல்லாவில் நிற்பவருக்கு உங்கள் வங்கிக் கணக்கைக் காட்ட உங்களுக்கு விருப்பமில்லை என்றால், தொகையைச் சத்தமாகச் சொல்லும் ஒலிப்பெட்டியை வங்கியிடம் கேளுங்கள். தீபாவளிக் கூட்டத்தில் அதன் சத்தம் கேட்காது, அப்போது அதைக் கல்லாவுக்குள் காதருகே வையுங்கள்.

தினமும் கடை திறக்கும்போது உங்கள் கியூஆரை நீங்களே ஸ்கேன் செய்து, கடையின் பெயர் வருகிறதா என்று பாருங்கள். உங்கள் ஸ்டிக்கரின் மேல் வேறு ஸ்டிக்கரை ஒட்டிவிடும் வேலையும் நடக்கிறது. நகத்தால் ஓரத்தைச் சுரண்டினால் இரண்டு அடுக்கு தெரியும். கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்தால் அந்தக் கவலையும் குறையும்.

யாராவது "50-க்குப் பதிலாக 500 அனுப்பிவிட்டேன், மீதியை இந்த எண்ணுக்குத் திருப்பி அனுப்புங்கள்" என்றால், முதலில் 500 உண்மையிலேயே வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தாலும் வேறு எண்ணுக்கு அனுப்பாதீர்கள். அவருடைய வங்கியிடம் தவறாக அனுப்பியதாக விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். உங்கள் வங்கி உங்களைக் கேட்டு, வந்த கணக்குக்கே அதைத் திருப்பிவிடும்.